மாற்றிய கூலிங் காயில் இரண்டே மாதத்தில் கசிந்தால் வழக்குத் தொடரலாமா?

கேள்வி: ஏசி குளிரவில்லை என்று என் சொந்தக் காரை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். டேஷ்போர்டைக் கழற்றி, இவாப்பரேட்டர் எனப்படும் கூலிங் காயிலை மாற்றியதாகச் சொல்லி 17,500 ரூபாய் வாங்கினார்கள். பில்லில் 'ஏசி வேலை' என்று மட்டுமே இருக்கிறது. பழைய காயிலையும் தரவில்லை. இரண்டு மாதத்தில் கேஸ் இறங்கிவிட்டது. வேலை முடிந்து வந்த நாளிலிருந்து ஏர்பேக் விளக்கும் அணையவில்லை. கேட்டால், "வாரண்டி கிடையாது என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறோம், மறுபடி கழற்றக் கூலி வேண்டும்" என்கிறார்கள். வேறு இடத்தில் சரிசெய்துவிட்டு வழக்குப் போடலாமா?

பதில்: தாராளமாக வழக்குத் தொடரலாம். ஆனால், தயவுசெய்து அதற்கு முன் டேஷ்போர்டை வேறு யாரும் கழற்ற அனுமதிக்காதீர்கள். காயில் டேஷ்போர்டுக்குப் பின்னால் பெட்டிக்குள் இருப்பதால், அது ஒருமுறை வெளியே வந்துவிட்டால், "கசிவு ஏசியின் இன்னொரு பாகமான கண்டென்சரில்தான் இருந்தது, காயிலை இரண்டாவது மெக்கானிக் கெடுத்துவிட்டார்" என்று எதிர்த்தரப்பு சொல்வதை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது; குறையை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது. எனவே, டேஷ்போர்டைத் தொடாமலேயே, நைட்ரஜன் அழுத்தச் சோதனையும், தண்ணீர் வடியும் குழாய் வழியாகக் கசிவறியும் கருவியால் சோதனையும் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் செய்து, தேதி, ஓடிய கிலோமீட்டர், கையொப்பம் ஆகியவற்றுடன் அவர்களுடைய லெட்டர்பேடில் அறிக்கை வாங்குங்கள்.

அடுத்து, பழைய ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பழைய காயிலையும், புதிய காயிலை அவர்கள் வாங்கிய பில்லையும் கேளுங்கள். 15 நாளுக்குள் கூலியின்றிச் சரிசெய்யாவிட்டால் இன்ன தேதியில் இன்ன இடத்தில் டேஷ்போர்டு கழற்றப்படும், விரும்பினால் நேரில் வந்து பார்க்கலாம் என்றும் எழுதுங்கள். அழைத்தும் வராதவர், பிறகு அந்தச் சோதனையைக் குறை சொல்வது எளிதல்ல. கழற்றும்போது வீடியோ எடுத்து, வெளியே வந்த காயிலை உறையிலிட்டு முத்திரையிட்டு வையுங்கள். அந்த வீடியோவைத் தாக்கல் செய்யும்போது சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம், 2023-இன் பிரிவு 63 மின்னணுப் பதிவுகளுக்குக் கோரும் சான்றையும் இணைத்துவிடுங்கள்.

வாரண்டி இல்லை என்ற அச்சு வரியைக் கண்டு தயங்க வேண்டாம். வேலை முடிந்த பிறகு கைக்கு வந்த பில்லில் உள்ள நிபந்தனைக்கு நீங்கள் முன்கூட்டியே சம்மதித்ததாகக் கொள்ள முடியாது. மேலும், பணம் பெற்றுச் செய்த வேலையின் தரத்திலும் செய்முறையிலும் உள்ள குறையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(11) சேவைக் குறைபாடு என்றே வரையறுக்கிறது. மாற்றாத பாகத்தை மாற்றியதாகவோ, பழையதைப் புதியதென்றோ சொல்லியிருந்தால் அது பிரிவு 2(47)-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறையும் ஆகும். பழைய காயிலை நான் வலியுறுத்திக் கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்தால் சில வேளைகளில் அங்கேயே தீர்ந்துவிடும். செலுத்திய தொகை, மறுபடி சரிசெய்த செலவு, மன உளைச்சலுக்கு மிதமான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள்.

ஏர்பேக் விஷயத்தில் மட்டும் அந்த 15 நாள் காத்திருக்கக் கூடாது. அந்த விளக்கு எரியும்போது விபத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம். இன்றே ஸ்கேன் செய்து, பிழைக் குறியீட்டை அழிப்பதற்கு முன்பே அச்சிட்டு வாங்கிக்கொண்டு சரிசெய்யுங்கள். அதற்கு டேஷ்போர்டைக் கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், கழற்றுவதற்கு முந்தைய நாளே ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, காயில் சோதனையையும் கழற்றும் நாளிலேயே முடித்துவிடுங்கள்.