கொடைக்கானல் வேனில் வைஃபை போடலாமா?

திருமங்கலத்தில் இருந்து ஒரு வேன் உரிமையாளர் எழுதியிருக்கிறார்: "17 சீட் வேன் இரண்டு ஓடுது. கொடைக்கானல், ராமேஸ்வரம், மூணாறு டிரிப்தான் அதிகம். இப்பல்லாம் ஏசி இருக்கான்னு கேட்டதுமே வைஃபை இருக்கான்னு கேக்குறாங்க. கடையில் சொன்னதை நம்பி ஒரு பாக்கெட் ஹாட்ஸ்பாட் வாங்கி டேஷ்போர்டில் வைத்தேன். மதுரைக்குள் நன்றாக இருந்தது, வாடிப்பட்டி தாண்டியதும் சுத்திக்கிட்டே நிக்குது. வண்டி வேகமாகப் போவதால்தான் இப்படியா? 5ஜி பெட்டி வாங்கினால் சரியாகுமா?"

வேகத்தால் இல்லை அண்ணே. 4ஜியை வடிவமைத்தபோதே மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயிலையும் கணக்கில் வைத்துத்தான் செய்தார்கள். நாலுவழிச்சாலையில் உங்கள் வேன் போகிற 80 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பெட்டி ஓயாமல் பக்கத்து டவர்களின் சிக்னலை அளந்து சொல்லிக்கொண்டே இருக்கும், எந்த டவருக்கு எப்போது மாற வேண்டும் என்பதை நெட்வொர்க் முடிவு செய்யும், மாறியது உங்களுக்குத் தெரியவே தெரியாது. வேகம் உதைப்பது வைஃபைக்குத்தான். சிலர் ரோட்டோரக் கம்பத்தில் வைஃபை வைத்தால் என்ன என்று கேட்பார்கள். 80இல் போகிற வண்டி நொடிக்கு 22 மீட்டர் நகர்கிறது, ஒரு கம்பத்து வைஃபை சுற்றிலும் 100 மீட்டர் எட்டினாலும் 9 நொடியில் அதைத் தாண்டிவிடுவீர்கள், பாஸ்வேர்டு அடிக்கக்கூட நேரம் போதாது. அதனால் வெளியே டவரோடு பேச சிம், வண்டிக்குள் மட்டும் வைஃபை, இதுதான் வழி.

அப்படியானால் ஏன் சுற்றுகிறது? மூன்று காரணம் சேர்ந்து வருகிறது. ஊரைத் தாண்டியதும் டவர்கள் தள்ளித் தள்ளி இருக்கும். வேன் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் சின்ன ஆண்டெனாவோடு உங்கள் ஹாட்ஸ்பாட். அப்புறம், அந்த ஒரே சிம்மில் 17 பேர். கடைசிக் காரணத்தை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. சுமாரான தரத்தில் வீடியோ பார்க்க நொடிக்கு 1 மெகாபிட் என்று வையுங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒருவருக்கு 450 எம்பி. 15 பேர் 4 மணி நேரம் பார்த்தால் 27 ஜிபி. தினம் 2 ஜிபி பேக்கைப் போட்டுவிட்டு, அது தீர்ந்து 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கியதும் சிக்னல் இல்லை என்று டவரைத் திட்டினால் டவர் என்ன செய்யும்? உங்களுக்கு வாடிப்பட்டியில் நின்றது டவராலா, பேக் தீர்ந்ததாலா என்பதை முதலில் பாருங்கள். எனக்கென்னவோ பாதி சந்தேகம் பேக் மேல்தான்.

5ஜி பெட்டி இதைச் சரியாக்காது. நம் ஊரில் 5ஜி பெரும்பாலும் 3,500 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுகிறது, அது வேகம் தரும், ஆனால் தூரம் எட்டாது. நெடுஞ்சாலையில் 5ஜி, 4ஜி, மறுபடி 5ஜி என்று தாவிக்கொண்டே இருந்தால் நடுவில் நெட் விட்டுவிட்டு வரலாம். காடு கரையில் தூரம் போவது 4ஜி ஓடும் 850, 900 மெகாஹெர்ட்ஸ். அதனால் பெட்டியை 4ஜியிலேயே நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டு ஆன்லைன் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஏமாறாதீர்கள். பேண்ட், அதாவது பெட்டி பிடிக்கிற அலைவரிசை எண், 3, 5, 8, 40 இந்த நான்கும் இருக்க வேண்டும், பிஎஸ்என்எல் சிம்மும் போடப் போகிறீர்கள் என்றால் 1, 28 ஆகியவையும்.

ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை. அடுத்த கொடைக்கானல் டிரிப்பில் கிளீனர் தம்பியிடம் இரண்டு போன் கொடுங்கள், இரண்டிலும் வேறு வேறு கம்பெனி சிம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் சிம் ஸ்டேட்டஸ் என்று ஒரு இடம் உண்டு, அங்கே சிக்னல் மைனஸ் 95 டிபிஎம் என்கிற மாதிரி எண்ணாகத் தெரியும். மைனஸ் 90, 95 என்றால் நல்லது. மைனஸ் 110ஐத் தாண்டினால் இழுவை. மைனஸ் 120 என்றால் போனைப் பையில் வைத்துவிடலாம். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, காட்ரோடு, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று ஒவ்வொரு இடத்திலும் இரண்டு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஓட்டுகிற நீங்கள் அந்தப் போனைத் தொட வேண்டாம்.

மலையில் ஒரு வேடிக்கை பார்ப்பீர்கள். உள்வாங்கிய வளைவில் மலையே டவரை மறைக்கும், சிக்னல் சுத்தமாக இருக்காது, அது புரிகிறது. வெளிப்பக்க வளைவில், சமவெளி முழுதும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், கோடு நிறைய இருக்கும் ஆனால் நெட் ஓடாது. கீழே இருக்கிற பல டவர்கள் ஒரே நேரத்தில் காதில் விழுவதால் வரும் குழப்பம் அது. சந்தைக்கடையில் நாலு பேர் ஒன்றாகக் கூப்பிட்டால் யாருக்குப் பதில் சொல்வது? இதற்குப் பெரிய ஆண்டெனா போட்டாலும் நாலு பேர் குரலும் சேர்ந்துதான் பெரிதாகும்.

நோட்டைப் பார்த்தால் விடை வந்துவிடும். ஒரு கம்பெனி செத்த இடத்தில் மற்றது உயிரோடு இருந்தால் இரண்டு சிம் பெட்டி பயன்படும். இங்கேதான் கடைக்காரர்கள் ஒரு வார்த்தையில் ஏய்ப்பார்கள். டூயல் சிம் வேறு, டூயல் மோடம் வேறு. மோடம் என்பது டவரோடு பேசுகிற பாகம். டூயல் சிம் பெட்டியில் மோடம் ஒன்றுதான், ஒரு சிம் செத்தது என்று அது உறுதி செய்து, விட்டுவிட்டு, அடுத்ததில் பதிவாகி வர அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகலாம், அதற்குள் நீங்கள் அந்த வளைவையே தாண்டியிருப்பீர்கள். இரண்டு மோடம் இருந்தால் இரண்டும் எப்போதும் தயாராக இருக்கும். விலையும் அதற்கேற்ப ஏறும். ராமேஸ்வரம் மாதிரி சமவெளி ரூட்டுக்கு ஒற்றை மோடமே போதும் என்பது என் கருத்து. அந்த ரூட்டில் இன்னொன்று, தனுஷ்கோடிப் பக்கம் இலங்கை நெட்வொர்க் பிடிக்கும், பெட்டியில் ரோமிங்கை அணைத்துவையுங்கள்.

ஆண்டெனா கூரைக்கு மேல்தான். கேபிளை நீளமாக விட்டுச் சுருட்டி வைக்காதீர்கள், மெல்லிய கேபிள் மீட்டருக்கு 1 டெசிபெலுக்கு மேல் தின்றுவிடும், 3 டெசிபெல் போனாலே சிக்னலில் பாதி போச்சு.

கரண்ட் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு நண்பர் வேனில் முதன்முதலாக ரவுட்டர், அதாவது இந்த சிம் பெட்டியை மாட்டியபோது, டீக்கடையில் நிறுத்தி எடுக்கும் ஒவ்வொரு முறையும் வைஃபை இரண்டு நிமிடம் காணாமல் போனது. சிம்மை மாற்றினேன், ஆண்டெனாவை மாற்றினேன். கடைசியில் மீட்டரை வைத்துப் பார்த்தால், செல்ஃப் அடிக்கும் நொடியில் 12 வோல்ட் பேட்டரி 9க்குக் கீழே குப்புற விழுகிறது, அதில் ரவுட்டர் அணைந்து மறுபடி எழுகிறது. இறங்கும் வோல்ட்டைத் தாங்கும் கன்வெர்ட்டர் ஒன்றை நடுவில் போட்டதும் சரியானது. வண்டிக்கென்றே செய்த ரவுட்டர்களில் 9 முதல் 36 வோல்ட் வரை என்று போட்டிருக்கும், அதிலும் இன்னும் கீழே தாங்குவது கிடைத்தால் நல்லது. லைனை சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற இடத்தில் இருந்து எடுங்கள், ஃபியூஸ் கட்டாயம். நேரே பேட்டரியில் கொடுத்தால் 10 வாட் பெட்டி ராத்திரி 10 மணி நேரத்தில் 8 ஆம்பியர்-ஹவர் கரண்டைக் குடித்துவிடும். காலையில் வேனைத் தள்ள ஆள் தேட வேண்டியதுதான்.

இப்போது இருக்கிற ஹாட்ஸ்பாட்டை டேஷ்போர்டில் இருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த வண்டிக்குள் லித்தியம் பேட்டரி தாங்காது, என்னுடையது ஒன்று இட்லி மாதிரி உப்பி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. தீப்பிடிக்காதது என் அதிர்ஷ்டம்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. சாதாரண பிரீபெய்டு சிம் சொந்த உபயோகத்துக்கு, அதை வைத்து வைஃபைக்கென்று தனிக் காசு வாங்காதீர்கள். கம்பெனி பெயரில் பிசினஸ் கனெக்‌ஷன் கேளுங்கள். பாஸ்வேர்டை டிரிப்புக்கு டிரிப் மாற்றுங்கள், யாராவது அந்த நெட்டில் விவகாரம் செய்தால் போலீஸ் முதலில் தேடி வருவது சிம்காரரைத்தான். ஆளுக்கு 1 மெகாபிட் என்று ரவுட்டரிலேயே வரம்பு வைத்துவிட்டால் ஒருவர் படம் இறக்கி மற்ற 16 பேரைப் பட்டினி போட முடியாது.

ரயில்வேயே ஓடும் ரயிலில் நெட் கொடுக்க ஹவுரா ராஜ்தானியில் சாட்டிலைட் வைத்துப் பார்த்தது. செலவுக்குத் தக்க வேகம் பயணிகளுக்குக் கிடைக்கவில்லை என்று 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலேயே சொல்லித் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதனால் மலைப்பாதையில் வைஃபை விட்டுவிட்டு வந்தால் உங்கள் வேன் மட்டமென்று அர்த்தமில்லை. புக்கிங் வாட்ஸப்பிலேயே "வைஃபை காட்ரோடு வரை, மலை ஏறும்போது விட்டுவிட்டு வரும்" என்று போட்டுவிடுங்கள், மலை ஏறுகிற நேரத்தில் சண்டை வராது. கிளீனர் தம்பி எழுதிய நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், எந்தப் பெட்டி என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.