எழுத்தாளர் குழுவில் சேர்ந்தால் என்ன கிடைக்கும்?

"கதை எழுதுவது தனியாக உட்கார்ந்து செய்கிற வேலைதானே, அதற்கு எதற்குக் குழு?" என்பது கேள்வி. தனி வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் எழுதியதில் எங்கே ஓட்டை என்பது எழுதியவன் கண்ணுக்குத்தான் கடைசியாகத் தெரியும். ஆறு ஆண்டுகளாக ஒரு சிறு குழுவில் இருந்து நான் கண்டது இது.

நாங்கள் ஏழு பேர். மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று ஒரு டியூஷன் சென்டரின் மொட்டைமாடியில் கூடுவோம். ஓய்வுபெற்ற தபால்காரர், ஒரு நர்ஸ், ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர், கல்லூரி மாணவர்கள் இருவர் என்று கலவையான கூட்டம். எழுதியவரே கதையை வாய்விட்டு வாசிக்க வேண்டும். பிறகு மற்றவர்கள் பேசி ஓயும்வரை அவர் வாய் திறக்கக் கூடாது. "நான் என்ன சொல்ல வந்தேன் என்றால்" என்று ஆரம்பித்தால் அன்றைய டீச் செலவு அவர் தலையில். முதல் வருடம் பெரும்பாலும் என் தலையில்தான்.

ஒருமுறை ஆஸ்பத்திரிக் கதை ஒன்றை வாசித்தேன். அப்பா படுக்கையில், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது, மகன் இரவு முழுவதும் ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்தபடி பழையதை நினைக்கிறான். வேப்பமரத்துக்கே ஒன்றரைப் பக்கம். எனக்கு அதில் பெருமை வேறு. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நர்ஸ் மட்டும் கேட்டார்: "அண்ணே, உங்கள் ஆள் ஒரு தடவைகூட பாட்டிலைப் பார்க்கவில்லையே? துணைக்கு இருப்பவர்களுக்குக் கண் அங்கேதான் இருக்கும். தீரப்போகிறது என்று எங்களை எழுப்புவதே அவர்கள்தான்."

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து வேப்பமரத்தை வெட்டினேன். மகன் சொட்டுகளை எண்ணுகிறான், எண்ணிக்கை தவறுகிறது, மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறான். நினைவு என்று தனியாக எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை. நானாக உட்கார்ந்து பத்து முறை திருத்தியிருந்தாலும் மரத்தைத்தான் இன்னும் அழகாக்கியிருப்பேன்.

இது புதிய யோசனையும் அல்ல. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசான் என்ற அறிஞர் முன் அரங்கேறியது என்கிறது அதன் பாயிரம். 'அரில்தபத் தெரிந்து' என்பது அங்கே வரும் தொடர்; குற்றம் நீங்க ஆராய்ந்து என்று பொருள். இலக்கணம் எழுதியவரே ஒருவர் முன் உட்கார வேண்டியிருந்தது என்றால் நமக்கென்ன! நம் காலத்துக்கு வந்தால், 1970இல் சென்னையில் 'கசடதபற' என்ற இலக்கியச் சிற்றிதழ் தொடங்கியதும்கூட ஞானக்கூத்தன், ந. முத்துசாமி, சா. கந்தசாமி முதலான எழுத்தாள நண்பர்கள் கூடிப் பேசியதிலிருந்துதான்.

தேதி குறித்துவிட்டால் எழுதியே தீர வேண்டும் என்ற நெருக்கடியும் ஒரு பயன்தான். அதைவிட, அடுத்தவர் கதையைக் கேட்பதில் அதிகம் கற்றேன். தபால்காரர் கதைகளில் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசுவதைச் சுட்டிக்காட்டிவிட்டு வந்தேன். அன்று இரவு என் பழைய நோட்டைப் புரட்டினால் அதே நோய்.

எல்லாக் குழுவும் இப்படி இருக்காது. இதற்கு முன் நான் இருந்த வாட்ஸ்அப் குழுவில் எதை அனுப்பினாலும் கைகூப்பும் படமும் 'அருமை'யும்தான் வரும். மூன்று மாதத்தில் வெளியேறிவிட்டேன். குத்திக்காட்டுவதையே விமர்சனம் என்று நினைக்கும் கூட்டங்களும் உண்டு. அங்கே ஒரு மாலை போதும், பிறகு மாதக்கணக்கில் பேனா எடுக்கத் தோன்றாது.

நல்ல குழுவிலும் ஒரு தவறு செய்தேன். நாவல் ஒன்றை எழுத எழுத அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக் காட்டினேன். ஆறு பேரும் ஆறு வழி சொன்னார்கள், எல்லாமே நியாயமாகவும் இருந்தன. நான்காவது அத்தியாயத்தில் கதாநாயகி யார் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அது பரண்மேல் கிடக்கிறது. சிறுகதை என்றாலும் இப்போது முழுதாக முடிக்காமல் மாடிப்படி ஏறுவதில்லை.