பேரப்பிள்ளைக்கு இடமில்லாத விடுதியா?

டென்மார்க்கின் சிறு தீவுகளில் பெரியவர்களை மட்டுமே தங்கவைக்கும் அமைதியான விடுதிகள் இருப்பதாகச் சென்ற இதழின் பயணப் பக்கத்தில் ஒரு குறிப்பு வெளியாகியிருந்தது. அதையொட்டி மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இந்த வாசகர் கேள்வி-பதில் பகுதியில் விடையளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் மகன் கோபன்ஹேகனில் வேலை பார்க்கிறான். வரும் ஜூன் மாதம் நானும் என் மனைவியும் அங்கே போகிறோம். ஏரோ என்ற தீவில், குழந்தைகளை அனுமதிக்காத ஒரு விடுதியில் எங்களுக்கு மூன்று இரவுகள் அறை பதிவு செய்திருக்கிறான். ஏழு வயதுப் பேத்தியை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போய்த் தங்குவது என் மனைவிக்கு ஒப்பவில்லை. குழந்தைகளையே வேண்டாம் என்கிறவர்கள் நம்மை எப்படி நடத்துவார்களோ என்றும் கவலைப்படுகிறாள். போகலாமா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அண்ணாநகர், மதுரை

பதில்: தாராளமாகப் போகலாம். உங்கள் மனைவியின் தயக்கம் புரிகிறது. நம் ஊரில் பேத்தியை விட்டுவிட்டுத் தாத்தாவும் பாட்டியும் ஊர் சுற்றக் கிளம்பினால் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் அந்த விதியைக் குழந்தைகள்மேல் உள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1843இல் தொடங்கிய டிவோலி கேளிக்கைப் பூங்காவும், குழந்தைகளுக்கென்று 1968இல் பில்லுண்டில் திறந்த லெகோலாண்ட் பூங்காவும் அந்த நாட்டில்தான் இருக்கின்றன. வயல் நடுவிலோ துறைமுகத்தை ஒட்டியோ உள்ள பழைய வீடொன்றை விடுதியாக மாற்றியவர்கள், பத்துப் பன்னிரண்டு அறைகளையும் ஒரே உணவுக்கூடத்தையும் வைத்துக்கொண்டு எல்லா வயதினரையும் மனம்கோணாமல் கவனிக்க இயலாது என்று கண்டு, பெரியவர்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மரத்தளம் போட்ட மாடியில் ஒருவர் நடந்தால் கீழறையில் கேட்கும் வீடுகள் அவை.

சத்தம் வேண்டாம் என்பதே அந்த விதியின் உட்கருத்து என்பதால், அது பெரியவர்களையும் கட்டுப்படுத்தும். நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். கைபேசியை ஒலிபெருக்கியில் வைத்துக்கொண்டு தோட்டத்திலோ பொதுக்கூடத்திலோ வீடியோ அழைப்பில் பேசினால், யாரும் வாய்திறந்து கண்டிக்க மாட்டார்கள். ஆனால் படித்துக்கொண்டிருந்தவர்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேறிடம் போய்விடுவார்கள். கோடையில் இந்திய நேரத்துக்கும் அந்த நாட்டு நேரத்துக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம் உண்டு. மதுரையில் காலை ஆறு மணிக்கு உறவினர் அனுப்பும் ‘காலை வணக்கம்’ படம், அங்கே நள்ளிரவு கடந்து 2.30 மணிக்கு வந்து ஒலிக்கும். ஆகவே இரவில் கைபேசியின் வாயை அடைத்துவிட்டுத் தூங்குங்கள்.

உங்களை எப்படி நடத்துவார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். மரியாதையாக நடத்துவார்கள், ஆனால் விழுந்து விழுந்து கவனிக்க மாட்டார்கள். வரவேற்பு மேசையில் நாள் முழுவதும் ஆள் இருக்க வேண்டும் என்ற வழக்கம் சிறு விடுதிகளில் இல்லை. சில இடங்களில் கதவைத் திறக்கும் எண்ணை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பெட்டியை நீங்கள்தான் தூக்க வேண்டும். இரவு பத்து மணிக்குச் சூடாகப் பால் கேட்டு மணியடிக்க முடியாது. அறையில் பெரும்பாலும் ஏ.சி. இராது, தேவையும் படாது. இரட்டைக் கட்டிலில் இருவருக்கும் தனித்தனிப் போர்வை போட்டிருப்பார்கள். அதைக் கண்டு தப்பர்த்தம் செய்துகொள்ள வேண்டாம், அந்த நாட்டுத் தம்பதிகள் பெரும்பாலும் அப்படித்தான் உறங்குகிறார்கள். கழிப்பறையில் நமக்குப் பழக்கமான தண்ணீர்க் குழாய் இருப்பது அரிது. ஒரு பிளாஸ்டிக் சொம்பைப் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது.

பேத்தியும் கடலைப் பார்க்கட்டும் என்று தோன்றினால், மகன் குடும்பம் அதே ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் கோடைக்கால வீடொன்றில் தங்கலாம். பகல் முழுவதும் சேர்ந்திருந்துவிட்டு இரவில் பிரிந்துகொள்ளலாம். ‘ஒரே ஒரு இரவுதானே, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்’ என்று மட்டும் விடுதிக்காரரிடம் கேட்க வேண்டாம். அந்தப் பேச்சு அங்கே எடுபடாது.

கேள்வி: என் மகளுக்குப் பதினைந்து வயது. அவளைச் சேர்ப்பார்களா?
– வாசகி, மேலூர்

பதில்: நாடு முழுவதற்குமான ஒரே வயது வரம்பு கிடையாது. ஒரு விடுதி பன்னிரண்டு என்று வைத்திருக்கும், இன்னொன்று பதினாறு என்றோ பதினெட்டு என்றோ வைத்திருக்கும். பதிவு செய்யும்போதே மகளின் வயதைக் குறிப்பிட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து அந்தத் தீவுக்கு எப்படிப் போய்ச் சேர்வது? விசா கிடைப்பது கடினமா?
– பட்டயக் கணக்காளர், தல்லாகுளம்

பதில்: சென்னை சென்று, அங்கிருந்து துபாய் அல்லது தோஹா வழியாகக் கோபன்ஹேகனுக்குப் பறப்பது வசதியான வழி. கோபன்ஹேகன் விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது. மேற்கே ஓடென்சே நகரத்துக்குப் போகும் ரயில், இரு பெரிய தீவுகளுக்கு இடையிலான சுமார் 18 கிலோமீட்டர் அகலமுள்ள நீரிணையைப் பாதிவழி கடலடிச் சுரங்கத்திலும் மீதிவழி பாலத்தின்மேலும் கடக்கும். 1997இல் அந்தத் தடத்தில் ரயில் ஓடத் தொடங்கும்வரை ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். ஓடென்சேயில் சிறிய ரயிலுக்கு மாறினால் முக்கால் மணி நேரத்தில் ஸ்வென்ட்போர்க் வந்துவிடும். நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் படகுத்துறை. அங்கிருந்து 75 நிமிடங்களில் ஏரோ தீவின் ஏரோஸ்கோபிங் துறைமுகம்.

விமானம் இறங்கிய அன்றே தீவுக்கும் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். விமானம் தாமதமானால் கடைசிப் படகு உங்களுக்காகக் காத்திராது. மகன் வீட்டிலோ நகர விடுதியிலோ ஓரிரவு தங்கிவிட்டுக் கிளம்புவதே அறிவுடைமை. தீவுக்குள் பேருந்தில் கட்டணமில்லாமல் போகலாம் என்பதால் கார் வேண்டியதில்லை. காரோடு போகிறவர்கள் கோடையில் படகில் முன்கூட்டியே இடம் பிடித்தாக வேண்டும்.

டென்மார்க் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். விடுதிப் பதிவுச் சீட்டையும் விண்ணப்பத்தோடு சேர்ப்பதால், விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையிலான பதிவைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். மூன்று நாளும் ரொட்டியும் ஜாமும்தானா? பொடி, ஊறுகாய், நெய் எடுத்துச் செல்லலாமா? மல்லிகைப் பூ?
– இல்லத்தரசி, திருமங்கலம்

பதில்: பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, ஊறுகாய் ஆகியவை எடுத்துச் செல்லலாம், எண்ணெய் கசியாமல் கட்டுவது உங்கள் பொறுப்பு. நெய் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பால் பொருள்களையும் இறைச்சிப் பொருள்களையும் கொண்டுவரத் தடை உண்டு. மகனுக்கென்று வாங்கும் பால்கோவாவும் அந்தத் தடைக்குள் வந்துவிடும். கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் மதுரை மல்லிக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். ஒரு முழம் பூவுக்காக யாரும் அதை வாங்கப் போவதில்லை; ஆகவே பூவை விமான நிலையம்வரை வைத்துக்கொண்டு அங்கேயே எடுத்துவிடுங்கள்.

விடுதிச் சாப்பாட்டைப் பற்றி முன்கூட்டியே பேசிக்கொள்வது மிக முக்கியம். இத்தகைய தீவு விடுதிகள் பலவற்றில் இரவு உணவு ஒரே நேரத்தில், மாலை 6.30 அல்லது 7 மணிக்கு, எல்லாருக்கும் ஒரே பட்டியலில் பரிமாறப்படும். சமையற்காரர் தலையை எண்ணித்தான் பொருள் வாங்குகிறார். மேசையில் உட்கார்ந்த பிறகு சைவம் என்று சொன்னால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் உருளைக்கிழங்கு மட்டும் மிஞ்சும். பதிவு செய்யும்போதே எழுதுங்கள். அதிலும் ‘சைவம்’ என்று பொதுவாக எழுதாமல், மீன் இல்லை, முட்டை இல்லை, ஜெலட்டின் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அந்த நாட்டில் மீன் சாப்பிடுகிறவர்களும் தங்களைச் சைவம் என்று சொல்லிக்கொள்வது உண்டு. பாலாடைக்கட்டி சிலவற்றைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைக் கொண்டு உறையவைக்கிறார்கள் என்பதையும் அறிந்துகொண்டு முடிவெடுங்கள்.

காலை உணவில் உங்களுக்குக் குறையிராது. கம்புநிறத்தில், புளிப்பேறிய கனமான ரை ரொட்டி, வெண்ணெய், தயிர், ஓட்ஸ், பழம், காபி என்று விரிவாகவே வைப்பார்கள். அந்த ரொட்டி முதல் நாள் தொண்டையில் இறங்காது. வெண்ணெயை மேலே தாராளமாகத் தடவினால் இறங்கும். இன்னொன்று: இரவுச் சாப்பாட்டைத் தவறவிட்டால், தூங்கா நகரத்தில் வளர்ந்த நமக்குக் கைவசமுள்ள பதினொரு மணிப் பரோட்டாக் கடை என்ற வழி அங்கே இல்லை. தீவு உணவகங்களின் அடுப்பு எட்டரை, ஒன்பது மணிக்கெல்லாம் அணைந்துவிடும். உடனடி உப்புமாப் பொட்டலம் இரண்டு பெட்டியில் இருந்தால் நிம்மதி. ஆனால் அறையில் வெந்நீர்க் கெண்டி இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அமைதி வேண்டுமென்றால் எங்கள் ஊரிலிருந்து மலையேறினால் கொடைக்கானல் வந்துவிடுகிறது. சத்தமில்லாத அறைக்காக ஐரோப்பாவரை போய்ப் பணத்தைக் கொட்டுவது ஆடம்பரம் இல்லையா?
– விவசாயி, வத்தலக்குண்டு

பதில்: உறக்கம் ஒன்றுக்காக மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரிதான். அந்த விடுதிகளில் இருவருக்கான அறைக்கு ஓரிரவுக்கு ஆயிரம் குரோனருக்கு மேல் ஆவது சாதாரணம். ஒரு குரோனர் 12 ரூபாய்க்கு மேல். மகனைப் பார்க்க எப்படியும் டென்மார்க் போகிறவருக்கு இது கூடுதலாக மூன்று நாள் செலவு. இதற்கென்றே இங்கிருந்து கிளம்பிப் போகும்படி நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஏரோ வெறும் சத்தமில்லாத இடம் அன்று. சுமார் 88 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 6,000 பேர் வாழ்கிறார்கள். மதுரை மாநகராட்சியின் ஒரு வார்டிலேயே இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். ஏரோஸ்கோபிங் ஊரில் முந்நூறு ஆண்டு பழைமையான சிறு வீடுகள் கல்பாவிய தெருக்களின் இருபுறமும் இன்றும் குடியிருப்புகளாகவே இருக்கின்றன. துறைமுகத்தில் 1810இல் கட்டிய ஒரு சமையல் கூடம் நிற்கிறது. மரக்கப்பல்கள் நெருக்கமாகக் கட்டிக்கிடந்த நாளில் கப்பலுக்குள் அடுப்பு மூட்டத் தடை விதித்து, மாலுமிகளைக் கரையேறி அங்கே சமைக்கச் சொன்னார்கள். கப்பல் சமையற்காரராக இருந்த பீட்டர் யாக்கப்சன் என்பவர் புட்டிகளுக்குள் செய்துவைத்த சிறு கப்பல்களுக்கென்று ஓர் அருங்காட்சியகமும் உண்டு. அவர் தம் வாழ்நாளில் செய்தவை 1,700க்கு மேல் என்கிறார்கள். மார்ஸ்டால் ஊரின் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்கலாம். தீவின் மேற்குமுனையிலுள்ள சோபி துறைமுகத்திலிருந்து, முழுக்க மின்கலத்தில் ஓடும் ‘எல்லன்’ என்ற படகு 2019 முதல் கார்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்கிறது.

விவசாயியான உங்களுக்குப் பிடிக்கக்கூடியது வேறொன்று. தோட்டக்காரர்கள் தெருவோரத்தில் ஒரு மரத்தட்டு வைத்து, புது உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெரி, ஜாம் ஆகியவற்றை விலை எழுதி அடுக்கிவிட்டு வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். பக்கத்தில் காசு போட ஒரு டப்பா. உள்ளூர்க்காரர்கள் கைபேசியில் பணம் அனுப்புவார்கள்; அந்தச் செயலிக்கு உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும் என்பதால், நம்மவர்கள் பத்து, இருபது குரோனர் நாணயங்களைக் கையில் வைத்திருப்பது நல்லது. இடைத்தரகரே இல்லாத விற்பனை; உழவர் சந்தைக்குப் போய் உட்கார வேண்டிய அவசியம்கூட இல்லை.

கேள்வி: ஜூன் நல்ல மாதமா? குளிருக்கு என்ன எடுத்துச் செல்வது? டிப்ஸ் எவ்வளவு?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: ஜூன் முதல் பாதி மிக நல்லது. பள்ளி விடுமுறை மாதக் கடைசியில் தொடங்கி ஆகஸ்டு இரண்டாம் வாரம்வரை நீள்வதால், அதன்பிறகு படகிலும் கடற்கரையிலும் கூட்டம் கூடும். ஜூனில் சூரியன் இரவு பத்து மணிக்கு மறைந்து காலை ஐந்துக்கு முன்பே எழுந்துவிடும். கண்ணை மூடும் துணிப்பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஜூன் 23 இரவு கடற்கரைகளில் சொக்கப்பனைபோல் தீமூட்டிப் பாடுவார்கள், அன்று மட்டும் அமைதியை எதிர்பார்க்க வேண்டாம். வெயில் இருபது டிகிரியை ஒட்டி இருந்தாலும் கடற்காற்று ஊசியாய்க் குத்தும் என்பதால், காற்றும் மழையும் புகாத மேலுடை தேவை; குடை மடங்கிவிடும். டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. 25 சதவீத வரியும் அறை வாடகைக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

கேள்வி: எனக்கு இரண்டு முழங்கால்களிலும் வலி. மகள் இதே போன்ற விடுதியொன்றைச் சொல்கிறாள். சமாளிக்க முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநகர்

பதில்: பழைய வீடுகளை மாற்றிய விடுதிகளில் லிப்ட் இருப்பது அரிது, மாடிப்படிகளும் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். கல்பாவிய தெருக்களில் சக்கரப் பெட்டியை இழுப்பதும் சிரமம், ஆகவே முதுகில் மாட்டும் பையோடு போங்கள். தரைத்தள அறை உண்டா, குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, குளியல் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க வேண்டியிருக்குமா என்ற மூன்றையும் மகளிடம் சொல்லி விடுதிக்கு எழுதிக் கேட்கச் செய்யுங்கள். மூன்றில் ஒன்றுக்குப் பதில் சாதகமாக இல்லாவிட்டாலும் வேறு விடுதி பாருங்கள். துறைமுகத்துக்கு அருகிலுள்ள புதிய கட்டடமாகக் கிடைத்தால் உங்களுக்கு அதுவே ஏற்றது.