கருந்துளை என்பது ஓட்டையா? சூரியனும் ஒருநாள் அப்படி ஆகுமா?

ஓட்டை இல்லை, பெயர்தான் குழப்புகிறது. அளவுக்கு மீறி நெருக்கப்பட்ட பொருள் அது.

நட்சத்திரத்தை அதன் ஈர்ப்பு உள்ளே அமுக்கும். நடுவில் நடக்கும் அணுக்கரு இணைவின் (சிறு அணுக்கருக்கள் சேர்ந்து பெரியவை ஆவது) வெப்பம் வெளியே தள்ளும். இந்த இழுபறியில்தான் அது நிற்கிறது. மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஐதரசன், ஹீலியம் என்று எரிபொருள் ஒவ்வொன்றாகத் தீர்ந்து, கடைசியில் நடுவே இரும்பு சேரும். இரும்பை இணைத்தால் சக்தி கிடைக்காது. அவ்வளவுதான், ஒரு வினாடிக்குள் நடுப்பகுதி இடிந்து விழும். மிஞ்சுவது சூரியனைப் போல் சுமார் 3 மடங்குக்கு மேல் நிறை கொண்டதென்றால் அதை எதுவும் தாங்காது. ஒளிகூடத் தப்ப முடியாத கருந்துளைதான்.

சரி, சூரியன்? அதற்கு அவ்வளவு நிறை போதாது, வெண்குறளியாகவே, அதாவது இணைவு நின்று சுருங்கிய சிறு நட்சத்திரமாகவே முடியும். வலிந்து நெருக்கிக் கருந்துளை ஆக்குவதென்றால் அதை 6 கிலோமீற்றர் விட்டத்துக்குள் அடக்க வேண்டும். கொழும்பு காலி முகத்திடலில் பஸ் ஏறி வெள்ளவத்தையில் இறங்கும் தூரம்! பூமி என்றால் 18 மில்லிமீற்றர், சிறுவர்கள் விளையாடும் போளை அளவு.

அப்படிச் சூரியனை நெருக்கினாலும் பூமியை அது உறிஞ்சிவிடாது. நிறை மாறாததால் இதே பாதையில்தான் சுற்றுவோம், என்ன, கும்மிருட்டில்.