பன்னிரண்டாயிரம் பிராங்க் வழக்கு

கேள்வி: ஐரோப்பாவில் ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்ன பிறகும், பல நாட்டு நீதிபதிகள் கூடி அதைத் தவறென்று சொல்ல முடியுமாம். இது அந்த நாட்டின் இறையாண்மைக்கு இழுக்கு அல்லவா? அடிப்படை உரிமைகளை அவரவர் நாடே பார்த்துக்கொண்டால் போதாதா?
– வாசகர் ஒருவர், ஏற்காடு

பதில்: இழுக்கு அல்ல, போதவும் போதாது. உங்கள் கேள்வியில் இரண்டு நீதிமன்றங்கள் கலந்துவிட்டன. ஸ்ட்ராஸ்பர்க்கில் இருப்பது ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம். 1950இல் கையெழுத்தான உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட 46 நாடுகள் அதற்குக் கட்டுப்பட்டவை. உள்நாட்டில் எல்லாப் படிகளையும் ஏறி முடித்தவரே அங்கே போக முடியும். உள்நாட்டுத் தீர்ப்பை அது ரத்து செய்வதில்லை, உரிமை மீறப்பட்டதற்கு அந்த அரசைப் பொறுப்பாக்குகிறது. லக்சம்பர்க்கில் இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம். ஒன்றியச் சட்டத்தின் ஒரு பிரிவுக்கு என்ன பொருள் என்று உள்நாட்டு நீதிபதியே அதனிடம் எழுதிக் கேட்கலாம்.

அப்படிக் கேட்கப்பட்ட ஒன்றுதான் கேப்ரியேல் டெஃப்ரென் வழக்கு. அவர் பெல்ஜியத்தின் சபேனா விமான நிறுவனத்தில் பணிப்பெண். அதே வேலையைச் செய்த ஆணுக்குச் சம்பளம் கூடுதல். பெண்ணுக்கோ நாற்பது வயதில் வேலையே முடிந்துவிடும். 1968இல் அவருக்கும் முடிந்தது. சம்பள வித்தியாசமாக அவருக்கு வரவேண்டியிருந்தது 12,716 பிராங்க். சம வேலைக்குச் சம ஊதியம் என்று, இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அடித்தளமான ரோம் ஒப்பந்தத்தின் 119ஆம் பிரிவு 1957இலேயே சொல்லியிருந்தது. அதை எழுதத் தூண்டியது பெண்கள் மேல் கொண்ட அக்கறையைவிட வியாபாரக் கவலைதான்: பெண்களின் கூலியைக் குறைத்துச் சரக்கை மலிவாக விற்கும் அண்டை நாடுகளிடம் தோற்றுவிடுவோமோ என்று பிரான்சு அஞ்சியது. அரசுகள் காகிதத்தோடு விட்டுவைத்திருந்த அந்த வரியை எலியான் வோகல் போல்ஸ்கி என்ற வழக்கறிஞர் கையிலெடுத்தார். 1976 ஏப்ரல் 8இல் லக்சம்பர்க் நீதிமன்றம், அந்தப் பிரிவை அரசுக்கு எதிராக மட்டுமன்றி, தனியார் முதலாளிக்கு எதிராகவும் ஒரு தொழிலாளி நேரடியாகக் காட்டி உரிமை கோரலாம் என்று தீர்ப்பளித்தது. தன் சொந்த அரசு செய்யாமல் விட்டதைத்தான் அந்தப் பெண் எல்லைக்கு வெளியே போய்ப் பெற்றார்.

அந்த நீதிமன்றத்தையும் நான் முழுதாகப் புகழ மாட்டேன். பழைய பாக்கி, அதற்குள் வழக்குத் தொடுத்தவர்களுக்கு மட்டுமே என்று அதே தீர்ப்பு வரம்பு கட்டியது. செலவு தாங்காது என்று பிரிட்டனும் அயர்லாந்தும் முறையிட்டிருந்தன. நாற்பது வயது விதியை எதிர்த்த வழக்கில் 1978இல் டெஃப்ரென் தோற்றார். நம் உச்ச நீதிமன்றமும் 1981இல் ஏர் இந்தியா பணிப்பெண்கள் வழக்கில், முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்ற விதியை நீக்கியது. ஆனால் 35 வயது ஓய்வையும், பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் கூடாது என்பதையும் நிற்க விட்டது. பணிப்பெண்கள் தனி வகுப்பினர், ஆண் பணியாளர்களோடு ஒப்பிட முடியாது என்பது அதன் வாதம். அதற்கு மேல் போவதற்கு அந்தப் பெண்களுக்கு வாசல் இல்லை. ஆசியாவில் அப்படியொரு மனித உரிமை நீதிமன்றம் இன்றும் இல்லை.

"தனி வகுப்பு" என்ற அந்தச் சொல்லை உங்கள் மலையிலேயே நான் கேட்டிருக்கிறேன். ஒரு காபித் தோட்டத்தில், பழம் எடுக்கும் நாளில், இடுப்புக் கூடையோடு சரிவில் நின்று பறித்த பெண்கள் சாயங்காலம் மூட்டையைத் தாங்களே தலையில் சுமந்து எடை போடும் இடத்துக்கு வந்தார்கள். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறித்த ஆண்களுக்குக் கூலி அதிகம். ஏன் என்றேன். "அது ஆம்பள வேலைங்க, இது வேற" என்றார் மேஸ்திரி. வேலைக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் ஒப்பிடவே வேண்டியதில்லை!

ஸ்ட்ராஸ்பர்க் இந்தத் தந்திரத்தின் வேருக்கே போனது. செக் நாட்டின் ஆஸ்ட்ராவா நகரத்தில் ரோமா என்ற சிறுபான்மை இனப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர், கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். யாரை அங்கே அனுப்புவது என்று பார்க்கும் தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான் என்றது அரசு. வழக்கில் வைத்த கணக்குப்படி நகரத்தின் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் ரோமா இனத்தவர் 2.26 சதவீதம், சிறப்புப் பள்ளிகளிலோ 56 சதவீதம். 2006இல் தோற்ற அந்தப் பிள்ளைகள், 2007 நவம்பர் 13இல் அதே நீதிமன்றத்தின் பதினேழு நீதிபதிகள் கொண்ட பேரமர்வில் பதின்மூன்றுக்கு நான்கு என்று வென்றார்கள். உள்நோக்கத்தை அவர்கள் மெய்ப்பிக்க வேண்டியதில்லை, விளைவு அப்படி இருந்தால் நியாயம் சொல்லவேண்டியது அரசுதான் என்பதே சாரம். இதைத்தான் மறைமுகப் பாகுபாடு என்கிறோம். நம் உச்ச நீதிமன்றம் 2021இல் ராணுவப் பெண் அதிகாரிகளின் உடற்தகுதி வழக்கில் பிற நாட்டுத் தீர்ப்புகளை அலசி, அதே கருத்தை நம் சட்டத்தில் ஊன்றியது. இப்படித்தான் வெளியூர்த் தீர்ப்புகள் நம்மிடம் வந்து சேர்கின்றன. கட்டளையாக அல்ல, வாதமாக.

இறையாண்மை என்று கேட்டீர்கள். உடன்படிக்கையில் சேர்வதும் விலகுவதும் நாட்டின் கையில் இருக்கிறது. தீர்ப்பை நிறைவேற்ற ஸ்ட்ராஸ்பர்க்கிடம் ஒரு போலீஸ்காரர்கூட இல்லை. ஆனால் யார் மேல் புகாரோ அவரே கடைசி வார்த்தையையும் சொல்லட்டும் என்று உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் விடுவீர்களா?

அடுத்த பழம் எடுப்பில் உங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கூலிப் பதிவேட்டைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். எந்த வேலைக்கு என்ன பெயர், எவ்வளவு கூலி, செய்தவர் யார் என்று எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.