ஒட்டகத்தோல் முகங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் திரைப்படக் குழுவில் துருக்கிய இயக்குநர் நூரி பில்கே ஜெய்லானின் ‘கோசா’ (1995) குறும்படத்தைத் திரையிட்டோம். ஒரு முதிய தம்பதியை விட்டால் படத்தில் சொல்லும்படி எவரும் இல்லை. குர்துகளும் ஆர்மேனியர்களும் கிரேக்கர்களும் வாழும் துருக்கியை இப்படம் எவ்வாறு பிரதிநிதித்துவம் செய்கிறது? அந்த மூதாட்டிக்கு ஒரு சொல்கூடத் தரப்படவில்லை. கறுப்பு வெள்ளையும் வெறும் பாவனையாகவே பட்டது.

ம.

அன்புள்ள ம.,

கறுப்பு வெள்ளையைப் பற்றி நான் வாதிடப் போவதில்லை. ஜெய்லான் புகைப்படக் கலையிலிருந்து வந்தவர், அவ்வளவுதான். மூதாட்டிக்கு ஒரு சொல்லும் இல்லை என்கிறீர்கள். முதியவருக்கும்தான் இல்லை, அந்தப் படத்தில் உரையாடலே கிடையாது. இது உங்கள் கண்ணில் படவில்லை என்றால், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மனத்துக்குள் எனக்குக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

ஆனால் உங்கள் முதல் கேள்வியைச் சில மாதங்களாக நானும் சுமந்துகொண்டிருக்கிறேன். துருக்கியில் எல்லா இனத்தவரும் இடம்பெற்ற திரை ஒன்று சினிமாவுக்கு வெகுகாலம் முன்பே இருந்தது. கராகோஸ் என்னும் நிழற்பாவைக்கூத்து அது. படபடவென்று பேசும் லாஸ் இனப் படகோட்டி, பாரசீக வணிகர், அல்பேனியர், அரேபியர், யூதர், ஆர்மேனியர், குர்து, கிரேக்கர் என்று உதுமானியப் பேரரசின் தெருவே ஒட்டகத்தோல் பாவைகளாக அந்த வெள்ளைத் துணியில் வந்து போகும். நீங்கள் கேட்கும் கணக்கு அங்கே முழுமையாக நிறைவேறுகிறது. ஒருவர் விடுபடவில்லை. ஆனால் விளக்குக்கு அருகில் அமர்ந்து அத்தனை பேருக்கும் குரல் கொடுப்பவர் ஒரே ஆள். அவர் குர்துவின் உச்சரிப்பைத் திரித்துப் பேசும்போது கூட்டம் சிரிக்கிறது, ஆர்மேனியரின் உச்சரிப்பைத் திரிக்கும்போதும் சிரிக்கிறது. அது மகத்தான கலை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு முகம் திரையில் இருப்பதும் அந்த முகத்துக்கு உரியவர் அங்கே இருப்பதும் ஒன்றல்ல என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கூத்துதான். நீங்களோ முகங்களை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், ரேஷன் கடையில் அட்டைகளை எண்ணுவதைப் போல.

உங்கள் கோபத்துக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. குர்து மொழியில் கருத்துகளை வெளியிடுவதையே தடுத்த 1983ஆம் ஆண்டுச் சட்டம் 1991இல்தான் நீக்கப்பட்டது. ‘கோசா’ வந்தது அதற்கு நான்கே ஆண்டுகள் கழித்து. அந்த ஆண்டுகளில் கேமரா யார் கைக்குப் போகவில்லை என்று கேளுங்கள், உங்களோடு நானும் கேட்கிறேன். அதற்காக ஒருவர் தன் சொந்தப் பெற்றோரான ஃபத்மாவையும் மெஹ்மெத் எமினையும் வைத்து எடுத்த முதல் படத்தில், அவர்களுக்கு நடுவே ஓர் ஆர்மேனியரையும் உட்கார வைத்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? கான் திரைப்பட விழாவின் குறும்படப் போட்டிக்குத் தேர்வான முதல் துருக்கியப் படம் என்பதால், ஒரு நாடு முழுவதையும் அந்த இரண்டு முதியவர்களின் தலையில் ஏற்றுகிறீர்கள்.

என் பாட்டிக்கு இருந்த ஒரே புகைப்படம் வாக்காளர் அட்டையில் இருப்பதுதான். அதில் அவர் ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவரைப் போல விழிக்கிறார். அது எங்கள் பாட்டியே அல்ல என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பின்னாளில் அம்மாவை நான் கைப்பேசியில் பதினோரு நொடி வீடியோ எடுத்தபோது, அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கைப்பேசியைப் பொருட்படுத்தாமல் அதற்கு மேலே என் முகத்தைப் பார்த்து, “சாப்பிட்டியாடா?” என்று கேட்டார். ‘கோசா’வில் ஃபத்மா ஜெய்லானின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதினோரு நொடிகள் நினைவுக்கு வந்துவிடுகின்றன. வாய் திறக்காத அந்த அம்மாளுக்குக் குரல் தரப்படவில்லை என்று உங்களைப் போல என்னால் எழுத முடியவில்லை. அவருக்காக வேறு எவரும் பேசிவிடவும் இல்லையே, தம்பி.

உங்கள் குழுவில் அடுத்து கராகோஸ் கூத்து ஒன்றைத் திரையிடுங்கள். எனக்கும் தகவல் சொல்லுங்கள், பஸ் பிடித்தாவது வந்துவிடுகிறேன்.