வாடகை வீட்டு பெட்ரூமை நம்ம ரூமா மாத்தறது எப்படி?

கேள்வி: மேடம், நான் திருச்சியில நர்ஸா வேலை பாக்கறேன், வயசு 28. உறையூர்ல வாடகை வீடு, என் பெட்ரூம் 10க்கு 11 அடி. சுவர் வெளிர் பச்சை டிஸ்டம்பர், புதுசா ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாதுன்னு ஓனர் சொல்லிட்டார். ஒரு டியூப்லைட், அம்மா குடுத்த ஸ்டீல் பீரோ, அஞ்சடி கட்டில், மேல ஒரு லாஃப்ட், அவ்வளவுதான் ரூம். இன்ஸ்டால பாத்துட்டு வெள்ளையும் பீஜுமா பெட்ஷீட், கர்ட்டன் வாங்கிப் போட்டேன், ஏதோ லாட்ஜ்ல தங்கியிருக்கற மாதிரி இருக்கே தவிர என் ரூம்னு தோணவே இல்ல. எனக்கு என்ன ஸ்டைல்னும் தெரியல. கோலம் போடப் பிடிக்கும், புக்ஸ் நிறைய படிப்பேன், டிரெஸ் எல்லாம் மெரூன், மஸ்டர்டு, கருநீலம்தான். மாசத்துல பாதி நாள் நைட் டூட்டி. கையில 12,000 ரூபா இருக்கு. எங்க ஆரம்பிக்கட்டும்?

பதில்: ஸ்டைல் தெரியலன்னு சொல்லிட்டு அடுத்த வரியிலயே அதை எழுதிட்டீங்க பாருங்க. மெரூன், மஸ்டர்டு, கருநீலம், கோலம், புக்ஸ். துணிக்கடையில நின்னா யாரும் சொல்லாமலே உங்க கை எந்தப் பக்கம் போகுதோ அதுதான் உங்க டேஸ்ட், அதை வருஷக்கணக்கா நீங்க கரெக்டா செலக்ட் பண்ணிட்டுதான் இருக்கீங்க, ரூம்னு வந்ததும் மட்டும் அடுத்தவங்க வீட்டு போட்டோவைப் பாத்து வாங்கிட்டீங்க. வெள்ளையும் பீஜும் அழகான கலர்தான், அதுல நிம்மதி கிடைக்கறவங்க இருக்காங்க, நீங்க அந்த ஆள் கிடையாது. இதே குழப்பத்துல இருக்கற மத்தவங்களுக்கும் சொல்றேன், ஸ்க்ரீன்ஷாட் ஃபோல்டரை மூடி வச்சுட்டு பீரோவைத் திறந்து பாருங்க, ஒரே கலர் ஒரே டிசைன் ரெண்டு தடவ மூணு தடவ எதுல வாங்கியிருக்கீங்களோ அதுல இருந்து ஆரம்பிங்க.

சின்ன ரூம்ல அடர் கலர் போட்டா ரூம் இன்னும் சுருங்கிடும்னு யாராவது சொல்வாங்க. சுவர் நாலும் மெரூன் அடிச்சா சுருங்கும்தான், உங்க சுவர் வெளிராதானே இருக்கு, அது அப்படியே இருக்கட்டும், துணியில மட்டும் அடர் கலர் வரட்டும். தூங்கற ரூம் கொஞ்சம் அடக்கமா இருந்தா எனக்கு அது குறையாவே தெரியல.

முதல் வேலை லைட். இதை யாரும் முதல்ல செய்றதில்ல, எனக்கு ரொம்ப ஆதங்கமான விஷயம் இது. நம்ம ஊர் வீடுகள்ல மாட்டியிருக்கற டியூப்லைட் பெரும்பாலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தோட கலரைச் சொல்ற அளவு இது, நம்பர் குறையக் குறைய மஞ்சளா இருக்கும்), பாக்ஸ்ல கூல் டேலைட்னு போட்டிருக்கும், நீலம் கலந்த வெள்ளை. அந்த வெளிச்சத்துல மெரூன் கருப்படிச்ச மாதிரி தெரியும், மஸ்டர்டு பச்சையா தெரியும், அதனால துணியை முதல்ல வாங்கிட்டு டியூப்லைட் கீழ விரிச்சுப் பாத்தா ஏன்டா வாங்கினோம்னு ஆயிடும். டியூப்லைட்டைக் கழட்ட வேணாம், கூட்டறதுக்கும் தொலைஞ்ச கம்மலைத் தேடறதுக்கும் அது வேணும். அதோட 2700ல இருந்து 3000 கெல்வினுக்குள்ள, அதாவது வார்ம் ஒயிட், ரெண்டு எல்இடி பல்பு வாங்குங்க, பாக்ஸ்ல சிஆர்ஐ 90னு போட்டிருக்கறது கிடைச்சா இன்னும் நல்லது, கலர் எல்லாம் உள்ளபடி தெரியும். ஒண்ணு கட்டில் தலைமாட்டுல டேபிள் லேம்ப், படிக்கும்போது வெளிச்சம் தோளுக்குப் பின்னால இருந்து புக் மேல விழற மாதிரி வைங்க. இன்னொண்ணுக்கு உங்க சீலிங்கை ஒரு தடவ அண்ணாந்து பாருங்க, பழைய வீடா இருந்தா தூளி கட்டற கொக்கி ஒண்ணு இருக்கும், அதுல வயரோட வர்ற ஹோல்டரை மாட்டி ஒரு மூங்கில் கூடையைக் கவுத்து விட்டா போதும், ஆணியே வேணாம், வயரை மட்டும் ஃபேன் ரெக்கை சுத்தற எல்லைக்கு வெளிய இழுத்துக் கட்டிடுங்க. டூட்டி முடிச்சு காலையில வந்து படுக்கறதுக்கு முன்னாடி இந்த மஞ்ச வெளிச்சத்துலயே இருங்க, டியூப்லைட் போட்டா உடம்பு முழிச்சுக்கும், நர்ஸுக்கு இதை நான் சொல்லணுமான்னு தெரியல.

அடுத்தது ஜன்னல், உங்களுக்கு இதுதான் முக்கியம், பகல்ல இருட்டும் வேணும், உங்க கலரும் வேணும். ஒரே கர்ட்டன்ல ரெண்டையும் தேடாதீங்க, ரெண்டு அடுக்கா போடுங்க. பிளாக்அவுட் துணியை ஜன்னல் குழிக்குள்ள ரெண்டு பக்கச் சுவருக்கு நடுவுல இறுக்கி நிக்கற ஸ்ப்ரிங் ராடுல போடுங்க, அதுக்கு ஓட்டை போட வேண்டியதில்ல, நாலடி ஜன்னலை அது தாங்கும், டே டூட்டி வாரத்துல கழட்டி மடிச்சு வச்சுக்கலாம். வெளியில ஏற்கெனவே இருக்கற ராடுக்கு நான் சொல்றது ஒரு காட்டன் புடவை. உறையூர்ல இருந்துட்டு இதை நான் வேற எங்க தேடச் சொல்ல, உங்க தெரு பக்கமே தறிப் புடவை கிடைக்கும், இல்ல அம்மாகிட்ட கட்டாம வச்சிருக்கற மெரூனோ கருநீலமோ ஒண்ணு இருந்தா கேளுங்க.

கணக்கு சொல்றேன். புடவை அஞ்சரை மீட்டர், அதாவது 18 அடி. நாலரை அடி உயர ஜன்னலுக்கு மேல அரை அடி, கீழ அரை அடி, மடிச்சுத் தைக்க அரை அடி சேத்தா ஒரு கர்ட்டனுக்கு ஆறடி, ஆக ஒரு புடவைல மூணு துண்டு. புடவை அகலம் 46 இன்ச் கிட்ட வரும், ரெண்டு துண்டு சேந்தா ஏழரை அடிக்கு மேல, நாலடி ஜன்னலுக்கு நல்லா கொசுவம் விழற அளவு தாராளமா இருக்கும். ரெண்டு பக்க பார்டரும் கர்ட்டன் ஓரத்துல செங்குத்தா இறங்கும், அதுக்காகவே பண்ணலாம், அவ்வளவு அழகா இருக்கும். மூணாவது துண்டு முந்தானையோட வரும், அதுல தலகாணி உறை தைங்க. வெட்டறதுக்கு முன்னாடி புடவையை ஒரு தடவ தண்ணியில நனைச்சுக் காய வச்சுடுங்க, காட்டன் சுருங்கும். வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சும் பாருங்க, மடிப்புல இத்துப் போயிருந்தா அந்த இடம் முதல் துவையல்லயே கிழியும். மேற்கு பாத்த ஜன்னல்னா வெயில்ல சாயம் போகும், கண்ணாடி பக்கம் வெள்ளைத் துணி லைனிங் குடுத்தே ஆகணும்.

கட்டில் அஞ்சுக்கு ஆறரைன்னா முப்பத்திரண்டரை சதுர அடி, உங்க ரூம் மொத்தமே 110. தரையில கிட்டத்தட்ட 30 சதவீதத்தைக் கட்டிலே பிடிச்சுக்குது, அதனால அது மேல என்ன விரிக்கறீங்களோ அதுதான் ரூமோட கலர். வாங்கின வெள்ளை பெட்ஷீட்டைத் தூக்கிப் போடாதீங்க, அது அடியில இருக்கட்டும், மேல சென்னிமலை கைத்தறி போர்வை ஒண்ணு மஸ்டர்டு இல்ல கருநீலத்துல, கால்மாட்டுலயோ கட்டிலுக்குப் பக்கத்துல தரையிலயோ ஒரு பவானி ஜமக்காளம். பட்டை பட்டையா அடர் கலர் வர்ற அந்த ஜமக்காளம் உங்க டேஸ்டுக்குன்னே நெய்த மாதிரி இருக்கும், 2005-06லயே புவிசார் குறியீடு வாங்கினது அது. பவர்லூம்ல ஓட்டினதையும் அதே பேர்ல விக்கறாங்க, கோ-ஆப்டெக்ஸ்லயோ நெசவாளர் சொசைட்டிலயோ வாங்கினா ஏமாற மாட்டீங்க. முதல் ரெண்டு துவையல் தனியா பச்சைத் தண்ணியில, வேற துணியோட போட்டா சாயம் ஏறிடும்.

சுவர். விரலால தேச்சுப் பாருங்க, டிஸ்டம்பர்னா மாவு மாதிரி ஒட்டும், அதுல ஸ்டிக்கர் கொக்கி நிக்காது, ஒட்டின அன்னிக்கு நின்னாலும் ஒருநாள் ராத்திரி பெயிண்டோட சேத்து விழும். 3டி ஃபோம் ஸ்டிக்கர், வால்பேப்பர் பக்கமே போகாதீங்க, கழட்டும்போது சுவர் பேந்து வரும், அட்வான்ஸ்ல பிடிப்பாங்க, மழைக்காலத்துல பின்னாடி ஓதம் ஏறி பூஞ்சையும் பிடிக்கும். சுவரைத் தொடாம வேலை நடக்கும். லாஃப்ட் ஓரத்துலயோ முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போன ஆணியிலயோ ஒரு கம்பைக் கட்டி, அதுல நீங்க வரைஞ்ச கோலத்தைத் தொங்க விடுங்க. கருநீல காடாத் துணி, வெள்ளை ஃபேப்ரிக் பெயிண்ட், உங்களுக்குக் கை பழகின சிக்குக் கோலம், சாக்பீஸால புள்ளி வச்சுக்கிட்டா அளவு தப்பாது. சின்னதா பத்து வேணாம், பெருசா ஒண்ணே ஒண்ணு, அஞ்சடி கட்டிலுக்கு மேல 40 இன்ச் அகலம் சரியா இருக்கும். கடையில வாங்கற எந்த ஃப்ரேமும் இதுக்கு ஈடாகாது, ரூமுக்குள்ள வர்றவங்க யாரா இருந்தாலும் இது யாரோட ரூம்னு கேக்கவே மாட்டாங்க.

பீரோவை மறைக்கணும்னு பலபேர் பாடுபடறாங்க, எதுக்குன்னே எனக்குப் புரியல. ஸ்டீல்ல காந்தம் ஒட்டும், ஆணி அடிக்க முடியாத வீட்ல உங்ககிட்ட இருக்கற ஒரே சுவர் அதுதான். பக்கவாட்டுல காந்தக் கொக்கி போட்டு பை, கம்மல், போட்டோ, டூட்டி சார்ட் எல்லாம் மாட்டலாம். துரு எட்டிப் பாக்குதுன்னா பட்டறையில குடுத்து கருநீலத்துல ஸ்ப்ரே அடிச்சு வாங்குங்க, அம்மா பீரோதான், ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க. பீரோ கண்ணாடி ஜன்னலுக்கு எதிர்ல இருந்தா பகல்ல மூஞ்சியில வெளிச்சம் அடிக்கும், கொஞ்சம் திருப்பிப் போடுங்க, பின்னாடி ரெண்டு இன்ச் இடமும் விடுங்க காத்து போக. புக்ஸை லாஃப்ட்ல ஏத்தாதீங்க, தூசியும் பூச்சியும்தான் படிக்கும், கட்டில் பக்கத்துல ஒரு சின்ன ஷெல்ஃப், செகண்ட்ஹேண்ட் போதும்.

பணத்துல பாதி துணிக்கும் தையலுக்கும், கால்வாசி லைட்டுக்கு, மிச்சம் ஷெல்ஃபுக்கும் பெயிண்டுக்கும். எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்காம லைட்டை மட்டும் இந்த வாரம் மாட்டி, ஒரு நைட் டூட்டி சுத்து முடியற வரைக்கும் அந்த ரூம்ல இருந்து பாத்துட்டு அப்புறம் துணி எடுக்கப் போங்க. ஓனர்கிட்டயும் ஒரு தடவ பேசிப் பாருங்க, கட்டில் பக்கத்து ஒரு சுவருக்கு மட்டும் என் செலவுல எமல்ஷன் அடிச்சுக்கறேன்னு சொன்னா நிறைய பேர் ஒத்துக்கறாங்க, அவங்களுக்கும் லாபம்தானே, சரின்னு சொன்னா அதை வாட்ஸப்ல ஒரு மெசேஜா வாங்கி வச்சுக்கங்க.